கெர்கின் போடலாமா?

கேள்வி: கெர்கின் என்கிற, வினிகரில் ஊறவைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் சிறு வெள்ளரியைப் போடச் சொல்லி கம்பெனி ஆட்கள் எங்கள் ஊருக்கு வருகிறார்கள். பொடிக் காய்க்குத்தான் விலையாம், பெருத்தால் கழித்துவிடுவார்களாம். உள்ளூரில் யாரும் சாப்பிடாத காயை நம்பி அரை ஏக்கர் இறங்கலாமா?
– வாசகர், ஒட்டன்சத்திரம்

பதில்: பொடிக் காய்க்கு விலை கூடக் காரணம் பிரான்ஸ்காரரின் நாக்கு. அங்கே இறைச்சித் துண்டோடு கடித்துக்கொள்ள, வினிகரில் ஊறிய சுண்டுவிரல் அளவுக் காய்தான் வேண்டும், பெயர் கார்னிஷோன். அமெரிக்காவில் பர்கருக்குள் வில்லை போட்டு வைப்பதால் பெருங்காயும் போகும். அதனால்தான் தரத்தைக் கிலோவுக்கு எத்தனை காய் என்று எண்ணிப் பிரிக்கிறார்கள்: 160-க்கு மேல் நின்றால் நல்ல விலை, 30–60 என்றால் விலை குறைவு.

விதைத்த 30–35 நாளில் பறிப்பு தொடங்கும். 90 நாளில் பயிர் முடியும். இடையில் தினமும் பறித்தே ஆக வேண்டும். எடை கூடட்டும் என்று ஒரு நாள் விட்டுவைத்தால் காய் அடுத்த தரத்துக்கு இறங்கிவிடும். கூடிய எடை அந்த நஷ்டத்தை ஈடுகட்டும் என்று நம்ப முடியாது. வீட்டில் பறிக்க ஆள் இல்லாதவர்கள் இதில் இறங்கவே வேண்டாம். பூக்கும் காலத்தில் காலையில் மருந்தடித்தால் தேனீ வராது; மகரந்தம் சரியாகச் சேராத காய் வளைந்து, ஒரு முனை சூம்பிப்போகும். வளைந்தது ஜாடியில் நிற்காது என்று அதையும் கழிப்பார்கள்.

ஏக்கருக்குச் சராசரி 4 டன், 90 நாளில் சுமார் 80,000 ரூபாய் வரவு, அதில் பாதி லாபம் என்பது 2022-இல் மத்திய அரசு சொன்ன கணக்கு. கழிவு கூடினால் அடி விழுவது லாபத்தில்தான். கழித்த காயைச் சந்தையில் தள்ள முடியாது, மாட்டுக்குத்தான் போடலாம். ஆகவே ஒப்பந்தத்தில் ஒவ்வொரு தரத்துக்கும் விலை, தரம் பிரிப்பது உங்கள் கண்ணெதிரிலா, கம்பெனி கடனாகத் தரும் விதை, உரத்துக்கான பணத்தைப் பிடிப்பது எந்தத் தவணையில், எத்தனை நாளில் பணம் – இந்த நாலும் எழுத்தில் இருக்கட்டும். அனுமதித்த பூச்சிமருந்துப் பட்டியலையும் கேட்டு வாங்குங்கள். மருந்து எச்சம் வரம்பு மீறினால் ஐரோப்பாவில் சரக்கை இறக்க விடமாட்டார்கள்.

கேள்வி: கெர்கின் மேல் அவ்வளவு ஆசையென்றால் பிரான்ஸ்காரர்களே விளைவிக்கலாமே?
– வாசகர், ஓசூர்

பதில்: முன்பு விளைவித்தார்கள். தினமும் குனிந்து கையால் பறிக்கிற வேலை. அங்கத்திய கூலிக்குக் கட்டுப்படியாகவில்லை.