இல்லத்தில் மேற்பார்வையாளர் என்ன படித்திருக்க வேண்டும்?

மனவளர்ச்சி குன்றிய தம்பியை யாழ்ப்பாணத்தில் ஓர் இல்லத்தில் விட யோசிக்கிறீர்கள்; அங்கே மேற்பார்வை செய்பவருக்கு என்ன தகுதி, என்ன வேலை என்று கேட்டிருக்கிறீர்கள்.

சமூகப்பணி, தாதியம், உளவியல், விசேட கல்வி, இவற்றில் ஒன்றைப் படித்தவராக இருந்தால் நல்லது. தேசிய சமூக அபிவிருத்தி நிறுவனம் சமூகப்பணியில் டிப்ளோமாவும் பட்டமும் நடத்துகிறது. ஆனால் சான்றிதழை விட, பராமரிப்பாளராகவே சில வருடம் நின்ற அனுபவத்தைத்தான் நான் முதலில் கேட்பேன்.

வேலை என்றால் கையெழுத்துப் போடுவது மட்டும் இல்லை. ஒவ்வொருவருக்கும் தனிப் பராமரிப்புத் திட்டம் எழுதி, அதை அடிக்கடி திருத்த வேண்டும். மருந்துப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும்: வலிப்பு மருந்து ஒரு வேளை தவறினாலே வலிப்பு வரலாம். படுக்கையில் இருப்பவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் திருப்பிப் படுக்க வைக்கிறார்களா என்று இரவிலும் சொல்லாமல் போய்ப் பார்க்க வேண்டும். (பகலில் எல்லா இல்லமும் வடிவாய்த்தான் இருக்கும்.) விழுந்தது, அடிபட்டது எல்லாம் அன்றைக்கே எழுதப்பட வேண்டும், உதவிப் பணத்துக்குக் கணக்கும் இருக்க வேண்டும்.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றி இலங்கை 2016இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. உடன்படிக்கையின் 16ஆம் உறுப்புரை, இத்தகைய இடங்களைச் சுயாதீனமானவர்கள் கண்காணிக்க வேண்டும் என்கிறது. உங்கள் பிரதேச செயலகத்துச் சமூக சேவைகள் உத்தியோகத்தரிடம் விசாரித்துவிட்டு, தம்பியையும் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கோ.