எத்தனை எச்பி கூடியது? டைனோ கேள்வி பதில்

ஃபில்டர், எக்ஸாஸ்ட், ஹெட்டர் (இன்ஜினிலிருந்து புகையை வெளியே எடுக்கும் குழாய்கள்) என்று கழற்றி மாட்டுகிற சாமான்களைப் போட்டுவிட்டு, "நிஜமாகவே எவ்வளவு கூடியிருக்கிறது?" என்று கேட்டவர்களுக்கான பதில்கள் இவை. டைனோ என்பது வண்டிச் சக்கரத்தை உருளை மேல் ஏற்றி ஓட்டி பவரை அளக்கும் மெஷின். எச்பி, பிஎஸ் இரண்டும் பவரின் அளவுகள், கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாக்கியிருக்கிறேன்.

திருப்பூரிலிருந்து: அண்ணா, என் ஸ்விஃப்ட் பெட்ரோலுக்குக் கம்பெனி சொல்வது 83 பிஎஸ். டைனோவில் ஏற்றினால் 70தான் வந்தது. கோளாறு வண்டியிலா, டைனோவிலா?

இரண்டிலும் இல்லைங்க தம்பி. கம்பெனி சொல்லும் கணக்கு இன்ஜினைத் தனியாக ஸ்டாண்டில் வைத்து, அதன் சுழலும் தண்டான கிராங்க் ஷாஃப்டில் அளந்தது. டைனோ உருளை அளப்பது டயருக்கு வந்து சேர்ந்ததை. நடுவே கியர்பாக்ஸ், ஆக்சில், டயர் எல்லாம் தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளும். உங்கள் 70 நல்ல எண்தான்.

சில இடங்களில் 15 சதவீதத்தைச் சேர்த்து "கிராங்க் பவர்" என்று அச்சடித்துக் கொடுப்பார்கள். அந்த 15 அளந்த எண் அல்ல, அனுமானம். டயர் காற்று, கியர் ஆயில் சூடு, வண்டியை டைனோவில் கட்டும் ஸ்ட்ராப்பின் இறுக்கம் ஒவ்வொன்றுக்கும் அது மாறும். சக்கரத்தில் வந்த எண்ணை மட்டும் குறித்து வையுங்கள்.

ஈரோட்டிலிருந்து: ஏர் ஃபில்டர் மாற்றினேன். மாற்றும் முன் 71, மாற்றிய பின் 73 பிஎஸ். இது நிஜமான லாபமா?

எல்லாக் கேள்விகளுக்கும் வேர் இதில் இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஒன்று கேட்கிறேன். இரண்டு ஓட்டமும் எப்போது நடந்தன? 71 மதியம் மூன்று மணிக்கும் 73 மறுநாள் காலை ஏழு மணிக்கும் என்றால், ஃபில்டர் ஒன்றுமே செய்யாமல் இருந்தாலும் இதே எண்கள் வந்திருக்கும். டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜினுக்கு உள்ளே போகும் காற்று 10 டிகிரி சூடேறினால் ஒன்றரை முதல் இரண்டு சதவீதம் பவர் குறையும். 71-ல் இரண்டு சதவீதம் என்றால் கிட்டத்தட்ட ஒன்றரை பிஎஸ். சித்திரை மாதத்து ஈரோட்டில் காலைக்கும் மதியத்துக்கும் 10 டிகிரி வித்தியாசம் சாதாரணம்.

அதற்கும் மேல், எதையும் மாற்றாமல் அதே வண்டியை அதே டைனோவில் அடுத்தடுத்து ஓட்டினாலே ஒன்று, ஒன்றரை சதவீதம் முன்னே பின்னே வரும். மஞ்சள் மண்டியில் மூட்டை நிறுக்கும் தராசில் பவுன் நிறுத்த மாதிரிதான் இது. தராசு பொய் சொல்லவில்லை, நாம் தேடும் வித்தியாசம் அதன் ஆட்டத்துக்குள் அடங்கிவிடுகிறது.

அதனால் இப்படிச் செய்யுங்கள். வண்டியை டைனோவில் கட்டியது கட்டியபடியே இருக்கட்டும். பழைய ஃபில்டரோடு மூன்று ஓட்டம். ஸ்ட்ராப்பைத் தொடாமல் புது ஃபில்டர் மாட்டி மூன்று ஓட்டம். அப்புறம் மறுபடி பழைய ஃபில்டரை மாட்டி இன்னும் இரண்டு. இந்தக் கடைசிப் பகுதியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பழையதுக்குத் திரும்பியதும் எண்ணும் 71-க்கு இறங்கினால் லாபம் ஃபில்டருடையது. 73-லேயே நின்றால் கியர் ஆயிலும் டயரும் சூடேறி உருளல் எளிதானதுதான் காரணம்.

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன் ஸ்கேனரில் கூலன்ட் சூடு, இன்டேக் காற்றின் சூடு இரண்டையும் பார்த்து எழுதுங்கள். பானட் மூடியிருக்கிறதா, திறந்திருக்கிறதா, முன்னால் ஃபேன் எங்கே நிற்கிறது என்பதும் மாறக் கூடாது. பானட்டைத் திறந்து வைத்து ஓட்டினால் இன்ஜின் அறைக்குள் திறந்தபடி உட்காரும் கோன் ஃபில்டருக்குக் குளிர்ந்த காற்று கிடைத்து எண் அழகாக வரும். அவிநாசி ரோட்டு சிக்னலில் பானட்டை மூடிக்கொண்டு நிற்கும்போது அதே ஃபில்டர் ரேடியேட்டர் சூட்டைத்தான் குடிக்கும். கம்பெனி ஏர்பாக்ஸ் கிரில்லுக்குப் பின்னாலிருந்து காற்று எடுப்பது காரணத்தோடுதான்.

கோவை பீளமேட்டிலிருந்து: ஷீட்டில் எஸ்ஏஈ, எஸ்டிடி, அன்கரெக்டட் என்று போட்டிருக்கிறதே, எதை எடுப்பது?

எஸ்ஏஈ. 25 டிகிரி சூடு, 99 கிலோபாஸ்கல் உலர்காற்று அழுத்தம் இருந்திருந்தால் எவ்வளவு வந்திருக்கும் என்று திருத்திச் சொல்வது அது. எஸ்டிடி என்பது அதைவிடக் குளிர்ந்த, கனமான காற்றை வைத்துப் போடும் கணக்கு. ஒரே ஓட்டம் எஸ்டிடியில் சுமார் 4 சதவீதம் கூடத் தெரியும். "முன்" ஷீட் எஸ்ஏஈயிலும் "பின்" ஷீட் எஸ்டிடியிலும் இருந்தால், ஒரு போல்ட்டைக்கூடத் தொடாமலே மூன்று பிஎஸ் கூடிவிடும். இரண்டு ஷீட்டின் ஓரத்திலும் அந்தச் சின்ன எழுத்தைப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

டர்போ வண்டிக்காரர்களுக்கு இன்னொன்று. கோவை கடல் மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரம். அந்த மெல்லிய காற்றுக்கு ஈடாகத் திருத்தம் இங்கே ஐந்து சதவீதம் போலக் கூட்டிப் போடும். ஆனால் டர்போ வண்டியில் இசியு (இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர்) வேண்டிய பூஸ்ட்டை, அதாவது டர்போ தள்ளும் காற்றழுத்தத்தை, தானே பிடித்துக்கொள்வதால் அந்த இழப்பு முழுசாக நடப்பதில்லை. நடக்காத இழப்புக்கு ஈடு சேர்த்தால் எண் ஊதிப்போகும். டர்போவுக்குத் திருத்தாத (அன்கரெக்டட்) எண்ணையும் கேட்டு வாங்குங்கள்.

மேட்டுப்பாளையத்திலிருந்து: ஊட்டி ஏறும்போது வண்டி இழுக்க மாட்டேன் என்கிறது. ஹெட்டர் போட்டால் சரியாகுமா?

ஆகாதுங்க. ஊட்டி 2,240 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கோவையைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. குளிர் கொஞ்சம் ஈடு கட்டும், முழுசாகக் கட்டாது. கியரைக் குறைத்து ஆர்பிஎம்மில் ஓட்டுங்கள்.

பல்லடத்திலிருந்து: டைனோவுக்குப் போக வசதியில்லை. ரோட்டிலேயே அளக்க முடியுமா?

முடியும். மூன்றாவது கியரில் ஒரே சீராக முழு ஆக்சிலரேட்டர் கொடுத்து, ஜிபிஎஸ் லாகரில் வேகத்தைப் பதிவு செய்யுங்கள். ஆளோடு சேர்த்து வண்டி 1,000 கிலோ என்று வையுங்கள். மணிக்கு 72 கிமீ, அதாவது விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில், விநாடிக்கு விநாடி 1.5 மீட்டர் வேகம் ஏறுகிறது என்றால் 1,000 × 1.5 × 20 = 30,000 வாட். ஒரு பிஎஸ் 735.5 வாட், ஆக 41 பிஎஸ் வண்டியை முடுக்கப் போகிறது. காற்றுத் தடைக்கும் டயர் உருளலுக்கும் இன்னொரு 7, 8 பிஎஸ் சேரும்.

ஆனால் உங்கள் ஊரில் காற்றுதான் பெரிய எதிரி. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி ஆடியில் அடிக்கிற அந்தக் காற்றை நம்பித்தான் பல்லடம், உடுமலை பக்கம் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. மணிக்கு 20 கிமீ எதிர்க்காற்று இருந்தாலே மேலே சொன்ன வேகத்தில் இரண்டே முக்கால் பிஎஸ் போலத் தின்றுவிடும். உங்கள் ஃபில்டர் தருவதாகச் சொல்லப்படும் லாபமே அவ்வளவுதான். ஒரே ரோட்டில் போகும்போதும் வரும்போதும் எடுத்துச் சராசரி போடுங்கள். விடிகாலையில் காற்று அடங்கியிருக்கும்போது எடுப்பது இன்னும் நல்லது. பின்சீட்டில் கூட்டாளியை ஏற்றாதீர்கள், 60 கிலோ கூடினால் கணக்கில் ஆறு சதவீதம் போய்விடும். ஓட்டத்துக்கு ஆள் நடமாட்டமுள்ள ரோடு வேண்டவே வேண்டாம். செட்டிபாளையம் கரி டிராக்கில் ட்ராக் டே நடக்கும்போது போய் எடுங்கள்.

பொள்ளாச்சியிலிருந்து: இன்டேக் 6, ஹெட்டர் 8, எக்ஸாஸ்ட் 8, மொத்தம் 22 எச்பி என்று கடையில் கூட்டிச் சொன்னார்கள். அப்படிக் கூட்டலாமா?

கூடாது. மூச்சு எங்கே அடைக்கிறதோ அங்கே திறந்தால்தான் லாபம். இன்டேக் ஏற்கெனவே போதுமான காற்று விட்டுக்கொண்டிருந்தால் அதைப் பெரிதாக்கி ஒன்றும் வராது. மூன்றையும் மாட்டி, தேவைப்பட்டால் ரீமேப் செய்து (இசியு புரோகிராமை மாற்றி), முழு செட்டாக அளந்த எண்தான் எண்.

நாமக்கல்லிலிருந்து: டீசல் எஸ்யூவிக்கு ட்யூனிங் பாக்ஸ் போட்டேன். இழுவை நன்றாகத் தெரிகிறது. இதையும் அளக்க வேண்டுமா?

உங்கள் லாபம் நிஜமாகத்தான் இருக்கும். டீசல் குழாயின் அழுத்தத்தை அளக்கும் ரெயில் பிரஷர் சென்சார் சொல்வதைக் குறைத்துக் காட்டி இசியுவை ஏமாற்றுவதுதான் பெரும்பாலான பாக்ஸ்களின் வேலை. இசியு பிரஷரை ஏற்றும், டீசல் கூடுதலாக விழும். ஆனாலும் அளந்தே ஆக வேண்டும், கிளட்ச்சுக்காக. லோடு பிடித்து நிறுத்தும் டைனோவில் ஓட்டச் சொல்லுங்கள். உருளை வேகம் ஏறாமல் ஆர்பிஎம் மட்டும் ஏறினால் கிளட்ச் வழுக்குகிறது, உடனே நிறுத்துங்கள். பின்னால் கரும்புகை கக்கினால் அந்த டீசல் பவராகவில்லை என்று அர்த்தம்.

கரூரிலிருந்து: ஷீட் உண்மையானதா என்று கண்டுபிடிக்க ஏதாவது வழி?

ஒரு கணக்கு இருக்கிறது. டார்க்கை (முறுக்கு விசையை) ஆர்பிஎம்மால் பெருக்கி 7,023-ஆல் வகுத்தால் பிஎஸ் வர வேண்டும். 4,200 ஆர்பிஎம்மில் 113 நியூட்டன் மீட்டர் என்றால் 67.6 பிஎஸ். ஷீட்டில் எந்த இடத்தை எடுத்தாலும் இந்தக் கணக்கு உதைக்கக் கூடாது. உதைத்தால் ஆர்பிஎம் சிக்னலைச் சரியாக எடுக்கவில்லை. அப்புறம் உச்ச எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். 6,000-ல் மூன்று கூடி, 2,500-ல் ஐந்து குறைந்திருந்தால் ஊருக்குள் ஓட்டுகிற உங்களுக்கு அது நஷ்டம்.

சேலத்திலிருந்து: ஆர்டிஓ பிரச்சினை வருமா?

வரலாம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவைப் படியுங்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க இடமுண்டு. கழற்றிய கம்பெனி சாமான்களைத் தூக்கிப் போடாதீர்கள். திரும்ப மாட்டவும் வேண்டும், மேலே சொன்னபடி மறுபடி அளக்கவும் வேண்டும்.