குளத்தில் விழுந்த புத்தகம்: வாசகர் கேள்வி பதில்

மன்னார்குடியில் என் பள்ளி நூலகர் காலமான செய்தியைச் சென்ற இதழில் இரண்டே வரியில் எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கேள்விகளுக்கே இந்த முறை இடத்தை ஒதுக்கிவிட்டேன்.

கே: எத்தனையோ ஆசிரியர்கள் இருக்க, நூலகரை மட்டும் ஏன் இவ்வளவு நினைக்கிறீர்கள்?
ஒரு வாசகி, நீடாமங்கலம்

ப: 'லைப்ரரி டீச்சர்' என்றுதான் நாங்கள் கூப்பிடுவோம். 1979இல் ஆறாம் வகுப்பில் சேர்ந்தேன். மாடிப்படியை ஒட்டிய நீள அறையில் ஏழு மர அலமாரிகள், ஒன்றில்கூடப் பூட்டு இல்லை. அதற்கு முன் நான் படித்த பள்ளியில் புத்தகங்களைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கத்தான் முடிந்தது. இருப்பு எடுக்கும்போது ஒரு நூல் குறைந்தால், பொறுப்பில் இருப்பவர் கைப்பணம் கட்ட நேரும். பூட்டுக்குக் காரணம் அந்தப் பயம். டீச்சருக்கும் அதே விதிதான். ஒவ்வோர் ஆண்டும் கோடை விடுமுறைக்கு முன் இரண்டு மூன்று புத்தகங்களுக்குத் தன் சம்பளத்திலிருந்து கட்டுவார். யார் தொலைத்தது என்று வகுப்பில் வந்து கேட்டதில்லை.

ஏழாம் வகுப்பில் நானும் அப்படி ஒருத்தி ஆனேன். ஹரித்ரா நதிக் குளத்தின் வடகரைப் படியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தபோது கை நழுவி, புத்தகம் தண்ணீரில் விழுந்துவிட்டது. பாவாடை நனைய இறங்கி எடுத்தேன். நனைந்த அப்பளக் கட்டு போல ஊதியிருந்தது. அழுதுகொண்டே அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். "முதலில் தலையைத் துவட்டு, பாப்பா" என்று ஒரு துண்டைக் கொடுத்தார். பிறகு புத்தகத்தை நிழலில் நிறுத்திவைத்து, நீர் வடிந்ததும் தாளுக்குத் தாள் செய்தித்தாள் துண்டுகளைச் செருகினார். நானும் செருகினேன். இரவு எட்டு மணி ஆகிவிட்டது. மேலே பலகை வைத்து, அதன்மேல் சமையலறை அம்மியையே தூக்கி வைத்துவிட்டார்கள் அவரும் அவர் கணவரும். நாலு நாள் அந்த வீட்டுத் தேங்காய்ச் சட்னி பக்கத்து வீட்டு அம்மியில்தான் அரைபட்டது. தினமும் மாலையில் நான் போய் ஈரத்தாளை எடுத்துவிட்டு உலர்ந்ததை வைப்பேன்.

தாள்கள் அலை அலையாக நெளிந்துதான் போயின. ஆனால் ஓர் எழுத்தும் அழியவில்லை. அடுத்த வாரமே அதை இன்னொருத்தி பெயரில் பதிந்து கொடுத்தார்.

கே: மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியில் நூலகம் ஓடியதாமே, உண்மையா?
ஒரு மாணவர், திருச்சி

ப: உண்மை. 1931 அக்டோபரில் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் தொடங்கியது. கனகசபை என்ற பொறியாளரின் முயற்சி அது. தொடங்கி வைத்தவர் எஸ். ஆர். ரங்கநாதன். சீர்காழியில் பிறந்தவர், கணித ஆசிரியராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர். 'நூல்கள் பயன்பாட்டுக்கே' என்று தொடங்கும் அவருடைய ஐந்து விதிகள் நூலாக வந்ததும் அதே 1931தான்.

இதையெல்லாம் டீச்சர் சொல்லித்தான் அறிந்தேன். பாடமாகச் சொல்லவில்லை, சொந்தக்காரர் கதை போலச் சொல்வார். "நம் ஊர் மண்ணில் புத்தகம் வீடு தேடிப் போயிருக்கிறது. நாம் அலமாரியைப் பூட்டலாமா?" என்பார். காய்ச்சலில் படுத்த பிள்ளைகளின் வீட்டுக்குத் துணிப்பையில் புத்தகம் கொண்டுபோய்க் கொடுத்ததற்கு அந்த வண்டிதான் காரணம் என்று நினைக்கிறேன். எனக்கு அம்மை போட்டிருந்தபோது திண்ணையில் வைத்துவிட்டுப் போனார். வேப்பிலை செருகிய வாசலுக்குள் வரவில்லை; ஜன்னல் வழியாகக் கையசைத்தார்.

கே: இவ்வளவு ஈடுபாடு உள்ளவர் சென்னைக்குப் போயிருந்தால் பெரிய நூலகத்தில் பெயர் வாங்கியிருப்பாரே?
ஒரு வாசகர், தாம்பரம்

ப: வாய்ப்பு வந்தது, போகவில்லை. மாமியாருக்குப் பக்கவாதம், பதினோரு ஆண்டுகள் படுக்கை. தினமும் மதிய இடைவேளையில் வீட்டுக்கு ஓடி அவருக்குச் சோறு ஊட்டி, ஒரு தொடர்கதையின் நாலு பக்கம் படித்துக் காட்டிவிட்டு மணியடிப்பதற்குள் திரும்புவார். கதை எங்கே நின்றது என்பதை அந்த அம்மாள்தான் மறக்காமல் சொல்வாராம். ஆனால் மாமியாருக்காக மட்டும் தங்கினார் என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். அவருக்கு அந்த ஊர் வேண்டும். பங்குனித் திருவிழாவின் பதினெட்டு நாளும் ஊரில் இருக்க வேண்டும், வெண்ணெய்த்தாழி அன்று ராஜகோபாலசாமியின் மேல் ஓர் உருண்டை வெண்ணெயாவது வீச வேண்டும். ஓய்வு பெற்றபின் மகன் வெளிநாட்டுக்கு அழைத்துப் போனார். மூன்றே மாதத்தில் திரும்பி வந்து, "குளத்தைச் சுற்றாமல் கால் கனத்துப்போயிற்று" என்றார்.

கே: நானும் ஒரு பள்ளி நூலகர். பழைய நூல்களை உங்கள் டீச்சர் எப்படிக் காப்பாற்றினார்?
ஒரு வாசகி, பட்டுக்கோட்டை

ப: சனிக்கிழமைதோறும் அவர் வீடே பைண்டிங் பட்டறையாகிவிடும். மைதாவைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கிளறிப் பசை காய்ச்சுவார். பூச்சி வராமலிருக்க அதில் ஒரு சிட்டிகை மயில்துத்தம், அதாவது காப்பர் சல்பேட், போட வேண்டும். அது விஷம் என்பதால் தானே கலந்து, அதற்கென்று வைத்திருந்த தகர டப்பாவில்தான் ஊற்றுவார், குழந்தைகளைத் தொட விடமாட்டார். பசை தடவுவதும் அவர்தான். கணவர் ஊசி நூலால் தாள்களைத் தைப்பார். மகனும் மகளும் காலிகோ துணியை அளந்து வெட்டுவார்கள்.

அலமாரித் தட்டுகளில் வசம்புத் துண்டுகளைத் துணியில் முடிந்து வைத்திருப்பார். வாசம் போனதும் மாற்றிவிட வேண்டும். அலமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் ஒரு சாண் தள்ளி வையுங்கள், மழைக்காலத்தில் சுவரின் ஈரம் ஏறாது. எல்லாவற்றையும்விட, எடுக்கப்படாத புத்தகத்தைத்தான் ராமபாணப் பூச்சி முதலில் துளைக்கும் என்பார். அதனால் மாதம் ஒருமுறை கீழ்த்தட்டுப் புத்தகங்களை மேலே, பிள்ளைகள் கை எட்டும் இடத்துக்கு மாற்றிவிடுவார். நீங்கள் கீழ்த்தட்டிலிருந்தே தொடங்குங்கள்.