பம்ப் அடித்துவிட்டு மருத்துவப் பரிசோதனைக்குப் போகலாமா?

கேள்வி: எனக்கு 19 வயது. கிளிநொச்சிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். உயர்தரம் எழுதி முடித்துவிட்டேன். இராணுவத்தில் சேர வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. ஆறு வயதில் தொடங்கிய முட்டு வருத்தம் (ஆஸ்துமா) இன்னும் முழுதாக விடவில்லை. இந்த மாசி அறுவடை நேரம் இரண்டு தடவை வைத்தியசாலையில் முகமூடி வைத்து மருந்தை ஆவியாகப் பிடித்தார்கள். மற்றபடி பந்து விளையாடப் போகும்போது மட்டும் நீலப் பம்ப் (இன்ஹேலர்) எடுப்பேன். சே குவேராவுக்கும் ஆஸ்துமா இருந்ததுதானே? பரிசோதனை அன்று காலையில் இரண்டு தடவை பம்ப் அடித்துவிட்டுப் போனால் நெஞ்சில் சத்தம் கேட்காது, படிவத்தில் வருத்தம் இல்லை என்று எழுது என்கிறான் நண்பன். அம்மா அழுகிறார். நான் என்ன செய்யட்டும்?

பதில்: அன்புள்ள தம்பி,

நண்பர் சொல்வது அந்த ஒரு காலைக்கு வேண்டுமானால் பலிக்கலாம். நீலப் பம்பில் இருக்கும் சல்பியூட்டமோல், சுருங்கிய மூச்சுக்குழாயைச் சில நிமிடங்களில் தளர்த்திவிடும். நான்கு முதல் ஆறு மணித்தியாலம் வரை அதன் வேலை நிற்கும். அதற்குள் வைத்தியர் நெஞ்சில் குழல் வைத்தால் ஒன்றும் கேட்காமல் போகலாம்.

ஆனால் பயிற்சி ஆறு மணித்தியாலத்தில் முடிகிற காரியமா? விடியப்புறத்து ஓட்டம், கிறவல் தூசி, வெடிப்புகை, மார்கழிப் பனி, ஒருவருக்குத் தடிமன் வந்தால் கூடத்தில் படுக்கும் அத்தனை பேருக்கும் வருவது. உங்களுக்கு வருத்தம் கிளம்ப இதில் ஒன்றே போதும். அந்த நேரம் நீங்கள் மூச்சுத் திணறி நின்றால், வருத்தம் இருப்பதே தெரியாத பயிற்றுநர் அதைச் சோம்பல் என்று எண்ணி இன்னொரு சுற்று ஓடச் சொல்வார். பம்போ யார் கண்ணிலும் படாமல் நீங்கள் ஒளித்துவைத்த பையின் அடியில் கிடக்கும். உங்கள் கடிதத்தில் என்னைப் பயப்படுத்திய இடம் இதுதான். தயவுசெய்து மறைக்காதீர்கள். படிவத்தில் பொய் எழுதியது பின்னால் தெரியவந்தால் வேலை போகும் என்பதைவிட, உயிர் போகும் என்பதுதான் என் கவலை.

மருந்தில்லாத முட்டு எப்படியிருக்கும் என்று நான் பார்த்திருக்கிறேன். பொருளாதாரத் தடை இருந்த 90களில் வன்னியில் என் அம்மம்மா இரண்டு தலையணையை அடுக்கிச் சுவரில் சாய்ந்தபடி, இரவு முழுக்க உட்கார்ந்தே இருப்பார். ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்துக்குழி உள்ளே போய் வரும். மூன்று சொல்லுக்கு மேல் சேர்த்துப் பேச முடியாது. பம்பைக் காதருகே பிடித்துக் குலுக்கி, உள்ளே இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று நாங்கள் கேட்டுப் பார்ப்போம்.

சே குவேராவின் கதையையும் முடிவுவரை படியுங்கள். பொலிவியக் காட்டில் அவரை வருத்தியதில் ஆஸ்துமாவுக்குப் பெரிய பங்கு உண்டு. 1967 ஓகஸ்டில் அவர் ஒளித்துவைத்திருந்த மருந்துகள் அந்நாட்டுப் படையினர் கையில் சிக்கின. அதன்பின் முட்டோடுதான் அவர் மலை ஏறி இறங்கினார். அவருடைய மனவுறுதியை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் மனவுறுதி மூச்சுக்குழாயை விரிக்காது.

ஆறு வயதில் இருந்தது இன்று ஏன் தடையாக வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். சிறு வயதில் இழுப்பு வந்த பல பிள்ளைகளுக்கு வளர வளர அது விட்டுவிடும். பதின்ம வயதிலும் விடாமல் நிற்பதுதான் திரும்பத் திரும்ப வரும். அமெரிக்கப் படைகளின் விதி 13ஆவது பிறந்தநாளுக்குப் பின்னும் ஆஸ்துமா இருந்ததா என்று கேட்பது இதனால்தான். இருந்தால் தகுதியில்லை, விதிவிலக்குக் கேட்டு விண்ணப்பிக்க மட்டும் வழியுண்டு. உங்களுக்கு இந்த வருடமே இரண்டு தடவை ஆவி பிடித்திருக்கிறார்கள். இந்த நிலையில் எந்த நாட்டுப் படை வைத்தியரும் உங்களைத் தகுதி என்று எழுதுவது கடினம். கசப்பாக இருந்தாலும் இதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

உங்கள் கடிதத்தில் இன்னொன்றும் என்னை உறுத்துகிறது. நீலப் பம்பைத் தவிர வேறு மருந்தைப் பற்றிப் பேச்சே இல்லை. நீலம் அப்போதைக்கு மூச்சைத் திறக்கும், உள்ளே இருக்கும் அழற்சியைத் தொடாது. அதைத் தணிப்பது பெக்லோமெதசோன் போன்ற தடுப்பு மருந்து, பலர் மண்ணிறப் பம்ப் என்று சொல்வது. அதை நாள்தோறும் எடுக்க வேண்டும், முழுப் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். எடுத்தபின் வாய் கொப்பளிக்க வேண்டும். நீலப் பம்பை மட்டும் தனியாகக் கொடுத்துவிடுவதை 2019 முதல் உலகளாவிய ஆஸ்துமா வழிகாட்டல் பரிந்துரைப்பதில்லை. “பம்ப் பழகிவிடும், பிறகு விட முடியாது” என்று ஊரில் சொல்வார்கள். அந்தப் பேச்சை நம்பி மருந்தை நிறுத்தி, நள்ளிரவில் வைத்தியசாலைக்கு ஓடிய குடும்பங்கள் எத்தனை!

மாவட்டப் பொது வைத்தியசாலைக் கிளினிக்குக்குப் போங்கள், காசு தேவையில்லை. ஸ்பைரோமெட்ரி என்னும் ஊதும் பரிசோதனை செய்ய முடியுமா என்று கேளுங்கள். மருந்துக்கு முன்னும் பின்னும் ஊதச் செய்து, முதல் நொடியில் வெளிவரும் காற்று 12 சதவீதமும் 200 மில்லிலீற்றரும் கூடுகிறதா என்று பார்ப்பார்கள். கூடினால் அது ஆஸ்துமாவுக்கு நல்ல சான்று. சிகிச்சையால் முட்டு அடங்கி, வைத்தியரே மருந்தை நிறுத்தி, அதன்பின்னும் சில வருடங்கள் முட்டில்லாமல் கழிந்தால் அந்தப் பதிவுகளோடு படை வைத்தியரிடமே உண்மையைச் சொல்லிக் கேட்கலாம். அப்போதும் மறுக்கலாம். ஆபத்தில் இருப்பவரிடம் முதல் ஆளாக ஓடிப்போகும் வேலைதான் உங்களை இழுக்கிறதென்றால், 2018இல் வடக்குக்கு வந்த, 1990 என்ற எண்ணில் அழைக்கும் சுவசெரிய அம்புலன்ஸ் சேவையைப் பற்றியும் விசாரியுங்கள். முட்டு முற்றினால் நீங்களே அழைக்க வேண்டிய எண்ணும் அந்த 1990தான்.

அம்மா அழுவதற்கு முட்டு மட்டும் காரணமல்ல என்பது உங்களுக்கும் தெரியும். இந்த மண்ணில் 2009ஐக் கடந்து வந்த தாய், மகன் எந்தச் சீருடை போட்டாலும் அழுவார். அதை என் பதிலால் தீர்க்க முடியாது, தம்பி. கிளினிக்குக்கு அவரையும் கூட்டிப் போங்கள். வரிசையில் காத்திருக்கும் நேரத்தில் இருவரும் பேசலாம். நீலப் பம்பையும் மறக்காமல் கொண்டுபோய், நீங்கள் அதை எப்படி இழுக்கிறீர்கள் என்று தாதியிடம் செய்து காட்டுங்கள். பலர் அதையே பிழையாகத்தான் செய்கிறார்கள்.