தெற்குச் சுவரில் ஊதா நிற்காது

கேள்வி: அக்கா, வணக்கம். போன ஜனவரியில், இலையெல்லாம் ஊதாவாக இருக்கும் பர்ப்பிள் ஹார்ட் கொடி பத்து வாங்கி, வீட்டின் தெற்குச் சுவரோரம் நட்டேன். தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒரு புத்தகத்தில் தெற்குப் பக்கம்தான் நல்ல வெயில் என்று போட்டிருந்தது. முதலில் நன்றாகத்தான் படர்ந்தது. இப்போது இலையெல்லாம் சாம்பல் பூத்த பச்சை. தண்டு முழங்கை நீளத்துக்கு மொட்டையாக ஓடி, நுனியில் மட்டும் நாலு இலை. தினமும் தண்ணீர் விடுகிறேன், சாணி உரமும் வைத்தேன். என்ன குறை?
– ஒரு வாசகி, ஃபீனிக்ஸ், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: தங்கச்சி, திசைதான் தப்பு. அந்தப் புத்தகம் அந்த ஊருக்குச் சரி. டர்பன் இருப்பது பூமத்திய ரேகைக்குத் தெற்கே ஏறக்குறைய 30 டிகிரியில். இங்கே உச்சி வெயில் வருஷம் முழுக்க வடக்கிலிருந்துதான் சாயும். ஜனவரியில் சூரியன் கிட்டத்தட்டத் தலைக்கு மேல் போவதால், காலையிலும் சாயங்காலத்திலும் தெற்குச் சுவருக்கும் கொஞ்சம் கிடைக்கும். அதை நம்பித்தான் உங்கள் கொடி படர்ந்தது. ஜூனில் அந்தச் சுவர் ஒரு பொட்டு வெயில் பார்க்காது. நீங்கள் துணிக்கொடி எந்தப் பக்கம் கட்டியிருக்கிறீர்கள்? துணி காயும் பக்கம்தான் இதற்கும் பக்கம்.

இந்த இலையிலும் பச்சையம் உண்டு. ஊதா என்பது வெயிலுக்குப் பிடிக்கும் குடை. அந்தோசயனின் என்ற சாயம். வெயில் இல்லாத இடத்தில் குடை எதற்கு என்று மடக்கி வைத்துவிடுகிறது, அவ்வளவுதான்.

சாணி உரத்தை நிறுத்துங்கள். உரம் கூடினால் தண்டு கொழகொழவென்று நீளுமே தவிர நிறம் வராது. தண்ணீரும் தினம் வேண்டாம். மெக்சிகோவின் கிழக்குக் கரைப் பக்கத்துச் செடி இது. சதைப்பிடிப்பான தண்டிலேயே தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். விரலை மண்ணில் விட்டுப் பார்த்து, உள்ளேயும் காய்ந்திருந்தால் ஊற்றுங்கள். நான் ஒரு கோடையில், மழை கொட்டிக்கொண்டிருக்கும்போதே பழக்கதோஷத்தில் குழாயைத் திறந்துவிட்டு ஒரு தொட்டியையே அழுக வைத்தேன். தண்டைத் தொட்டால் வேகவைத்த வெண்டைக்காய் மாதிரி வழுக்கியது.

எப்போது மாற்றி நடுவது? ஆடிப்பட்டம் தேடி விதை என்பதையும் அந்தப் புத்தகத்தோடு மூட்டை கட்டி வையுங்கள். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் ஆடி நமக்கு நடுக்குளிர். செப்டம்பரில் சூடு ஏறட்டும். அப்போது தரையிலிருந்து நாலு விரல் விட்டு, ஒரு கணுவுக்கு மேலே வெட்டுங்கள். வெட்டியதைச் சாண் நீளத் துண்டுகளாக்கி, அடி இலைகளை உருவிவிட்டு, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி வடக்குப் பக்கம் முக்கால் முழ இடைவெளியில் நட்டால் போதும். ஒன்றிரண்டு வாரத்தில் வேர் பிடிக்கும். பழைய பச்சை இலை வெயிலில் கொஞ்சம் கருகினால் பதறாதீர்கள். புது இலை ஊதாவாகவே வரும். அப்புறம் அவ்வப்போது நுனியைக் கிள்ளிக்கொண்டே இருங்கள், பக்கத்தில் கிளைத்து அடர்த்தியாகும். மூன்று இதழில் ஒரு சின்ன ரோஸ் பூ பூக்கும். காலையிலேயே பார்த்துவிடுங்கள், மதியத்துக்கு மேல் சுருங்கிவிடும்.

கேள்வி: இதே ஜாதியில், இலையில் வெள்ளிக்கோடு போட்ட கொடி ஒன்றை என் மாமியார் கொடுத்தார். சேர்த்து நடலாமா?
– ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: வேண்டாம். மேலே வெள்ளிக்கோடு, அடியில் கத்திரிக்காய் நிறம் என்றால் அது ஜீப்ரினா. தென்னாப்பிரிக்காவின் ஆக்கிரமிப்புச் செடிகள் பட்டியலில் 1பி வகை. வளர்ப்பது, விற்பது, அடுத்தவருக்குக் கொடுப்பது எதுவும் கூடாது. வேலிக்கு அப்பால் பள்ளத்தில் வீசிவிடாதீர்கள், ஒரு கணு மண்ணைத் தொட்டாலே பிடித்துக்கொள்ளும். கறுப்புப் பையில் இறுக்கிக் கட்டி வெயிலில் போட்டு, வெந்து குழைந்த பிறகு குப்பைக்கு அனுப்புங்கள். மாமியாரிடம் எப்படிச் சொல்வது என்பதற்கு இந்தப் பகுதியில் பதில் கிடையாது.

கேள்வி: எங்கள் நாய் பர்ப்பிள் ஹார்ட் பாத்தியில்தான் படுக்கிறது. வயிறு சிவந்து சொறிந்துகொண்டே இருக்கிறது. செடியால் இருக்குமா?
– ஒரு வாசகர், டோங்காட்

பதில்: இருக்கலாம். ஒடிந்த தண்டின் சாறு நாய்க்கு அரிக்கும், சில மனிதர்களுக்கும் அரிக்கும். வயிற்றைக் கழுவிவிட்டு, ஒரு வாரம் பாத்தியைச் சுற்றிக் கம்பி வலை மறித்துப் பாருங்கள். அடங்காவிட்டால் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். வெட்டும்போது நீங்களும் கையுறை போடுங்கள். நான் வெறுங்கையால் வெட்டிவிட்டு, அன்று சாயங்காலம் ரொட்டிக்கு மாவு பிசைய உட்கார்ந்து, பாதியிலேயே கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டேன்.