முகமூடிக்குள் இருப்பவரும் சாதாரணக் குடிமகன்தான்
வாசகர் கேள்வி–பதில்

சூப்பர் ஹீரோ உடை போட்டுக்கொண்டு, சட்டத்தை மீறாமல் தெருவில் ரோந்து போகும் சாதாரண மனிதர்களைப் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறோம். அடிதடி பற்றித்தான் பாதிப் பேர் கேட்டிருக்கிறீர்கள். பதிலில் அதற்கு அவ்வளவு இடம் இல்லை. காரணம் போகப்போகப் புரியும்.

கேள்வி: உண்மையிலேயே இப்படி ஆட்கள் இருக்கிறார்களா, இல்லை எல்லாம் வீடியோவுக்குத்தானா?

இருக்கிறார்கள். வீடியோவுக்காக வருகிறவர்களும் இருக்கிறார்கள். மெக்சிகோ நகரத்தில் 1985 பூகம்பத்தில் பலர் வீடிழந்தார்கள். அதற்குப் பிறகு, 1987-ல், சிவப்பு உடையும் முதுகில் தொங்கும் மஞ்சள் கேப்பும் மல்யுத்த முகமூடியுமாக வந்தார் சூப்பர்பாரியோ. அவர் யாரையும் அடிக்கவில்லை. குடியிருப்பவர்களை வீட்டைவிட்டுத் துரத்த வரும் இடத்தில் கூட்டத்தோடு போய் நிற்பார், பேச்சுவார்த்தைக்கு உட்காருவார். டோக்கியோவில் லிஃப்ட் இல்லாத ஒரு ரயில் நிலையத்தில், 2013 வாக்கில், பச்சை நிற ஹீரோ உடையில் ஒருவர் குழந்தை வண்டிகளையும் மூட்டைகளையும் படியேற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். நியூயார்க்கில் 1979-ல் தொடங்கிய கார்டியன் ஏஞ்சல்ஸ் குழுவுக்கு முகமூடி கிடையாது. சிவப்புத் தொப்பிதான் சீருடை, ஆயுதமும் இல்லை. தொடக்க கால வீரச்செயல்களில் சில ஜோடிக்கப்பட்டவை என்று அதன் நிறுவனரே 1992-ல் ஒப்புக்கொண்டார் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம்.

எதிர்ப்பக்க உதாரணமும் உண்டு. 2003-ல் இங்கிலாந்தில் ஒருவர் தங்க நிற ஜட்டியோடு வந்து, கார்களுக்குப் போட்ட சக்கரப் பூட்டுகளை மெஷினால் அறுத்துத் தள்ளினார். கார்க்காரர்களுக்குக் கொண்டாட்டம்தான். ஆனால் அடுத்தவர் பொருளை அறுப்பது சேதப்படுத்தும் குற்றம். 'சட்டத்துக்கு உட்பட்டு' என்ற வரிசையில் அவருக்கு இடமில்லை.

கேள்வி: முகத்தை மூடிக்கொண்டு தெருவில் நடப்பதே குற்றமாகுமா?

சில இடங்களில் ஆகும். பிரான்சில் 2011 ஏப்ரல் முதல் பொது இடத்தில் முகத்தை மறைக்கத் தடை. ஜெர்மனியில் பொதுக்கூட்டம், ஊர்வலங்களில் 1985 முதல் தடை. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் 16 வயதைத் தாண்டியவர் அடையாளத்தை மறைக்க முகமூடி அணிந்தால் அது சின்னக் குற்றம் அல்ல, சிறைத் தண்டனைக்குரிய பெரிய குற்றம். நியூயார்க்கில் 1845-லிருந்து இருந்த முகமூடிச் சட்டத்தை 2020-ல்தான் நீக்கினார்கள். ஆகவே துணி வாங்கும் முன் உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பாருங்கள்.

தடை இல்லாத ஊரிலும் மூன்று விஷயம் மனதில் இருக்கட்டும். கடை, வங்கி வாசலுக்குள் போகும்போது முகமூடியைக் கழற்றிவிடுங்கள். அடையாள அட்டை எப்போதும் உடம்பில் இருக்கட்டும். போலீஸ் நிறுத்தினால் கேட்கும் முன்பே முகத்தைக் காட்டுங்கள். அடர்நீலம், கறுப்புச் சீருடை, நட்சத்திர பேட்ஜ், 'ஆபீசர்' என்ற சொல், நீலச் சிவப்பு விளக்கு எதுவும் வேண்டாம். போலீஸ் போல ஆள்மாறாட்டம் என்று வழக்கு வர இவை காரணமாகலாம். பளீர் மஞ்சள், ஆரஞ்சு எவ்வளவு கோமாளித்தனமாகத் தெரிகிறதோ அவ்வளவு பாதுகாப்பு.

கேள்வி: திருடனைக் கையும் களவுமாகப் பிடித்தால், போலீஸ் வரும்வரை பிடித்து வைத்திருக்கலாமா?

இந்த ஒரு கேள்வியில்தான் அதிகம் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். பொதுமக்களில் ஒருவர் கைது செய்யும் உரிமை பல நாடுகளில் இருக்கிறது. உடை அந்த உரிமையைக் கூட்டவும் செய்யாது, குறைக்கவும் செய்யாது. ஆனால் உரிமையின் எல்லை ஊருக்கு ஊர் வேறு. இங்கிலாந்தில் குற்றம் கொஞ்சம் பெரிய வகையாக இருக்க வேண்டும். போலீஸ் வந்து கைது செய்ய முடியாத நிலையும் இருக்க வேண்டும். ஜெர்மனியில் செய்யும்போதே பிடித்திருக்க வேண்டும், அதோடு ஆள் தப்பி ஓடக்கூடும் என்றோ ஆளை அடையாளம் காண முடியாது என்றோ இருக்க வேண்டும். இந்தியாவில் உங்கள் கண்ணெதிரே, ஜாமீனில் விட முடியாத, போலீஸ் வாரண்ட் இன்றிக் கைது செய்யக்கூடிய குற்றம் நடந்திருக்க வேண்டும். பிடித்த ஆளைத் தாமதிக்காமல், 6 மணி நேரத்துக்குள், ஒப்படைத்தாக வேண்டும்.

இவற்றிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று: நீங்களே பார்த்திருந்தால்தான் பாதுகாப்பு. 'அவன்தான் போலிருக்கிறது', 'பார்த்தாலே தெரிகிறது' என்பதெல்லாம் எடுபடாது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 2020 பிப்ரவரியில், ஓடிக்கொண்டிருந்த ஒரு கறுப்பின இளைஞரைத் திருடன் என்று மூன்று பேர் வண்டியில் துரத்தினார்கள். அவர்களில் ஒருவர் சுட்டுக் கொன்றார். 'பொதுமக்கள் கைது' என்றுதான் நீதிமன்றத்தில் வாதாடினார்கள். மூவருக்கும் கொலைக் குற்றத்துக்காக ஆயுள் தண்டனை கிடைத்தது. 1863-லிருந்து இருந்த அந்தச் சட்டத்தையே மாநிலம் 2021-ல் பெரும்பாலும் எடுத்துவிட்டது.

தவறாகப் பிடித்தால் சட்டவிரோதமாக அடைத்து வைத்தது, தாக்கியது என்று வழக்கு உங்கள் மேல் திரும்பும். சரியாகப் பிடித்தாலும், ஆள் அடங்கிய பிறகு கொடுக்கும் ஒரு குத்து தற்காப்பில் சேராது. ஆபத்து முடிந்த நொடியில் தற்காப்பு உரிமையும் முடிந்தது. இன்னொன்று: குப்புறப் படுக்க வைத்து முதுகில் உட்காராதீர்கள். நெஞ்சு விரிய இடமில்லாமல் மூச்சு நின்று சிலர் இறந்திருக்கிறார்கள். எங்களைக் கேட்டால், ஆள் ஓடினால் ஓட விடுங்கள். ஓடிய திசையும் செருப்பின் நிறமும் போதும். ஓடுகிறவன் சட்டையைக் கழற்றி எறிவான், தொப்பியை மாற்றுவான். செருப்பை மாற்ற அவனுக்கு நேரம் இருக்காது.

கேள்வி: பெப்பர் ஸ்ப்ரே வைத்துக்கொள்ளலாமா? குண்டு துளைக்காத உடுப்பு?

ஸ்ப்ரே இங்கிலாந்தில் தடை செய்யப்பட்ட ஆயுதம். கையில் இருந்தாலே குற்றம். அனுமதி உள்ள இடத்திலும் அது உங்களைக் காக்கத்தான், சண்டையை விலக்க அல்ல. சியாட்டிலில் ஃபீனிக்ஸ் ஜோன்ஸ் என்ற பெயரில் ரோந்து போனவர் 2011 அக்டோபரில் ஒரு கூட்டத்தின் மேல் ஸ்ப்ரே அடித்துக் கைதானார். சண்டையைத் தடுத்தேன் என்றார் அவர். சண்டையே நடக்கவில்லை என்றார்கள் ஸ்ப்ரே பட்டவர்கள். வழக்குப் பதிவாகவில்லை. ஆனாலும் நீதிமன்றத்தில் முகமூடி கழன்றது, ஊருக்கே பெயர் தெரிந்தது.

தொழில்நுட்பமாகவும் அது நம்ப முடியாத பொருள். புகை போலப் பரவும் வகை எதிர்க்காற்றில் உங்கள் முகத்துக்கே திரும்பும். பின்னால் நிற்கும் ஆஸ்துமாக்காரரையும் பிடிக்கும். நேர்க்கோடாகப் பாயும் வகைக்குக் குறி தப்பக் கூடாது. டப்பாவில் அழுத்தம் வருடங்களில் குறைவதால், தேதி கடந்தது மூன்று மீட்டர் பாய வேண்டிய இடத்தில் காலடியில் சொட்டும். பட்டவர் கண்ணைக் கசக்காமல், குளிர்ந்த நீரை நிறைய விட்டுக் கழுவ வேண்டும். கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் கையைக் கழுவிவிட்டு அதை முதலில் எடுக்க வேண்டும்.

கவச உடுப்பில் ஒரு பெரிய தவறான எண்ணம் உண்டு. அமெரிக்கத் தரவரிசையில் 'மூன்று-ஏ' (IIIA) எனப்படும் மென்கவசம் பெரும்பாலான கைத்துப்பாக்கிக் குண்டுகளைத் தடுக்கும். கத்தியைத் தடுக்கும் என்று பொருளல்ல. மழுங்கிய குண்டை இழைகள் வலைபோல ஏந்திப் பிடிக்கின்றன. கூர்முனையோ இழைகளை விலக்கிக்கொண்டு உள்ளே போய்விடும். தெருவில் கத்திதான் அதிகம் என்றால் குத்துக் கவசம் என்று தனியே தரச்சான்று பெற்றது வேண்டும். ஆஸ்திரேலியாவில் சில மாநிலங்களில் கவசம் வாங்கவே அனுமதிச் சீட்டு தேவை. கவசம் போட்டதும் ஆளுக்கு வரும் துணிச்சல் இருக்கிறதே, அதற்கு எந்தத் தரச்சான்றும் கிடையாது.

கேள்வி: கேப் வேண்டுமா, வேண்டாமா?

வேண்டாம். வேண்டும் என்றே அடம்பிடித்தால் கழுத்தில் முடிச்சுப் போடாதீர்கள். பின்னாலிருந்து ஒருவன் இழுத்தால் அதுவே சுருக்குக் கயிறு. இரண்டு தோளிலும் மூன்று சென்டிமீட்டர் அளவு வெல்க்ரோ வைத்துத் தையுங்கள். நண்பரை வேகமாக இழுக்கச் சொல்லுங்கள். கேப் கையோடு போகும் முன் நீங்கள் ஓரடி பின்னால் நகர்ந்தீர்கள் என்றால் வெல்க்ரோவைப் பாதியாக வெட்டுங்கள். நீளம் முழங்காலுக்கு மேல் நிற்கட்டும், படியில் மிதிபடாது.

முகமூடிக்கும் ஒரு சோதனை. அதை மாட்டிக்கொண்டு நேரே பார்த்தபடி, இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி விரல்களை ஆட்டுங்கள். வெறும் முகத்தில் அந்த அசைவு தெரியும். முகமூடியில் தெரியாவிட்டால் கண் துளையின் வெளி ஓரத்தைத் தெரியும்வரை வெட்டுங்கள். பக்கத்திலிருந்து வரும் வண்டியும் கையும் அங்கேதான் முதலில் தெரியும். காதை மூடும் தலையுறை அழகுதான். சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பது குழம்பிவிடும்.

கேள்வி: வழியில் அடிதடி நடக்கிறது. என்ன செய்வது, வரிசையாகச் சொல்லுங்கள்.

தனியாக இருந்தால் போன், அவ்வளவுதான். குழுவென்றால் குறைந்தது மூன்று பேர் வேண்டும், வேலையைக் கிளம்பும் முன்பே பிரித்திருக்க வேண்டும். ஒருவர் போன், ஒருவர் கேமரா, ஒருவர் பேச்சு. பத்து மீட்டர் தள்ளி நின்று முதலில் கைகளைப் பாருங்கள்: யார் கையில் என்ன இருக்கிறது? ஆயுதம் தெரிந்தால் பேச்சு வேலை ரத்து. போனில் முதல் சொல் இடமாக இருக்கட்டும். இணைப்பு அறுந்தாலும் வண்டி வந்து சேரும். பிறகு என்ன நடக்கிறது, எத்தனை பேர், ஆயுதம் உண்டா, காயம் உண்டா. நீங்கள் உடையில் இருப்பதையும் சொல்லிவிடுங்கள். இருட்டில் முகமூடியோடு நிற்கும் உங்களைத்தான் வருகிற போலீஸ் முதலில் மடக்கும்.

பேசுகிறவர் உரக்க ஒரே வாக்கியம் சொன்னால் போதும்: "போலீஸ் வந்துகொண்டிருக்கிறது, எல்லாம் பதிவாகிறது." நடுவில் புகாதீர்கள். டார்ச்சை முகத்தில் அடிக்காமல் தரையில் அடியுங்கள்; முகத்தில் அடித்தால் கோபம் உங்கள் பக்கம் திரும்பும். கேமராக்காரர் போனைப் படுக்கை வாட்டில் பிடித்து, முதல் ஐந்து நொடி தெருப்பெயர், கடைப் பலகை தெரிய அகலமாக எடுக்கட்டும். பிறகு வெட்டாமல், பாட்டுச் சேர்க்காமல், மூலக்கோப்பை அப்படியே வைக்க வேண்டும். இணையத்தில் முதலில் ஏற்றிவிட்டுப் பிறகு சாட்சி சொல்லப் போனால், குறுக்கு விசாரணையில் வக்கீலுக்கு விருந்து.

கேள்வி: குற்றம் எதுவும் கண்ணில் படாத இரவுகளில் என்ன செய்வது?

பெரும்பாலான இரவு அப்படித்தான். அமெரிக்கக் குழுக்கள் பல, வீடற்றவர்களுக்குத் தண்ணீர், காலுறை கொடுப்பதையும் பூங்காக்களில் கிடக்கும் போதை ஊசிகளைப் பொறுக்குவதையும் முக்கிய வேலையாக வைத்திருக்கின்றன. ஊசி பொறுக்க முறை உண்டு. மூடியுள்ள கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவை ஊசிக்குப் பக்கத்தில் தரையில் வையுங்கள், கையில் பிடிக்காதீர்கள். டப்பா பிடித்த கையில் குத்திவிடலாம். கையுறை போட்டு, இடுக்கியால் ஊசியின் நடுப்பகுதியைப் பிடித்து, முனை கீழே இருக்கும்படி போடுங்கள். மூடியை ஊசிக்குத் திரும்ப மாட்ட முயலாதீர்கள். டப்பா முக்கால் நிறைந்ததும் மூடிவிடுங்கள். குத்திவிட்டால் பிழியாமல், உறிஞ்சாமல், ஓடும் நீரில் சோப்பு போட்டுக் கழுவி அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

கேள்வி: என் மகனுக்கு 15 வயது. குழுவில் சேரத் துடிக்கிறான்.

ரோந்துக்கு வேண்டாம். முதலுதவி வகுப்பில் சேர்த்துவிடுங்கள். இதயம் நின்றவருக்குக் கொடுக்கும் நெஞ்சு அழுத்தம் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஆழம் 5 முதல் 6 சென்டிமீட்டர். இதைக் கை சோராமல் இரண்டு நிமிடம் செய்யத் தெரிந்தவன், உடை போட்ட பலரைவிட உபயோகமானவன்.

கேள்வி: உடையில் ரத்தம் பட்டால் எப்படித் துவைப்பது?

பச்சைத் தண்ணீரில். வெந்நீர் விட்டால் கறை துணியில் உறைந்துவிடும். கையுறை போட்டுக்கொண்டு அலசி, பிறகு சோப்பு. கவசத்தின் உள் பலகையை மட்டும் உறையிலிருந்து உருவி ஈரத்துணியால் துடைத்து, நிழலில் தட்டையாகக் கிடத்திக் காய வையுங்கள். மெஷின், பிளீச், வெயில் மூன்றும் அந்த இழைகளைக் கெடுக்கும்.

ஆனால் அந்த ரத்தம் ஒரு சம்பவத்தில் பட்டது என்றால் துவைக்கவே துவைக்காதீர்கள். அது சாட்சியம். உலர விட்டு, ஒவ்வொரு துணியையும் தனித்தனிக் காகிதப் பையில் போட்டு, மேலே தேதியும் நேரமும் எழுதிப் போலீசிடம் கொடுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் ஈரம் அடைந்து பூஞ்சை பிடிக்கும், பரிசோதனைக்கு உதவாது.