கேள்வி–பதில்: மடிக்கணினிக்குள் ஒரு மூலக்கூறு

கேள்வி: ஐயா, நான் எஸ்டிபிஎம் (மலேசியாவில் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய) தேர்வுக்கு வேதியியல் படிக்கிறேன். என் அப்பா செம்பனைத் தோட்டத்தில் மண்டோர் (மேற்பார்வையாளர்). குவாண்டம் கணினி வந்தால் உர விலை இறங்கிவிடும் என்றும், அந்த ஆய்வுக்கான மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன என்றும் ஒரு காணொளியில் கேட்டேன். 8 கிகாபைட் நினைவகம் கொண்ட என் பழைய மடிக்கணினியில் அவற்றை இயக்க முடியுமா?
– மாணவி, சுங்கை சிப்புட்

பதில்: இயக்க முடியும். கூகிள் ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஓப்பன்ஃபெர்மியான், ஐபிஎம் தொடங்கிவைத்த கிஸ்கிட் நேச்சர், கனடாவின் சனாடு நிறுவனத்தின் பென்னிலேன் ஆகிய மூன்றும் மூலக்கூறுகளைக் குவாண்டம் கணினியின் வழியில் கணக்கிட உதவும் திறமூல மென்பொருள்கள். பைத்தான் மொழி ஓரளவு தெரிந்தால் போதும்.

ஹைட்ரஜன் மூலக்கூறிலிருந்து தொடங்குங்கள். எஸ்டிஓ-3ஜி என்னும் மிகச் சிறிய அடிப்படைத் தொகுதியில் (எலெக்ட்ரான்கள் இருக்கக்கூடிய இடங்களை விவரிக்கும் கணிதச் சார்புகளின் தொகுப்பு) அதன் இரண்டு எலெக்ட்ரான்களுக்கு நான்கு இடங்களே உள்ளன. ஜோர்டானும் விக்னரும் 1928இல் வகுத்த உருமாற்றத்தின்படி அந்த நான்கு இடங்களும் நான்கு கியூபிட்டுகளாகின்றன (கியூபிட் என்பது குவாண்டம் கணினியின் அடிப்படைத் தகவல் அலகு). ஹார்ட்ரீ-ஃபாக் என்னும் தோராய முறை இம்மூலக்கூறின் ஆற்றலை −1.117 ஹார்ட்ரீ என்கிறது (ஹார்ட்ரீ என்பது அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு). அதே தொகுதிக்குள் பிசகில்லாமல் கணக்கிட்டால் −1.137 வரும். அற்பமாகத் தோன்றும் இந்த வேறுபாடு மோலுக்கு ஏறத்தாழ 13 கிலோகலோரி ஆகும். வேதியியலாரோ 1 கிலோகலோரிக்கு மேல் பிழையைப் பொறுப்பதில்லை. அந்த இடைவெளியை நிரப்பவே குவாண்டம் கணிப்பு முறைகள் முயல்கின்றன.

இங்கே உங்கள் கணினி குவாண்டம் கணினியைப் போல நடிக்கிறது, அவ்வளவுதான். ஒரு கியூபிட் கூடினால் தேவைப்படும் நினைவகம் இரட்டிப்பாகும்: 28 கியூபிட்டுக்கு 4 கிகாபைட், 30க்கு 16. 14 கியூபிட் கேட்கும் நீர் மூலக்கூறு வரை நீங்கள் கவலையின்றிப் போகலாம். (ஓர் எச்சரிக்கை: மூலக்கூறுத் தரவைக் கணக்கிட்டுத் தரும் பைஎஸ்சிஎஃப் விண்டோஸில் நேரடியாக இயங்காது. அதற்குள் லினக்ஸ் துணையமைப்பை நிறுவிக்கொள்ளுங்கள். இல்லையேல் ஒரு வார இறுதி வீணாகும்.)

இனி உரம். இளம் செம்பனைகளுக்கு இடையே தரையை மூடிப் படரும் முக்குனா கொடியை உங்கள் அப்பாவிடம் கேட்டால் காட்டுவார். அதன் வேர்முடிச்சிலுள்ள பாக்டீரியா, நைட்ரோஜினேஸ் என்னும் நொதியைக் கொண்டு, காற்றிலுள்ள நைட்ரஜனைச் சாதாரண வெப்பத்திலேயே அம்மோனியாவாக்குகிறது. தொழிற்சாலையில் அதே வேலைக்கு 400 பாகை செல்சியஸுக்கு மேற்பட்ட வெப்பமும் நூறு மடங்குக்கும் அதிகமான காற்றழுத்தமும் தேவை. அந்நொதியின் மையத்தில் 7 இரும்பு, 1 மாலிப்டினம், 9 கந்தக அணுக்கள் பின்னிக் கிடக்கின்றன. 2017இல் வெளியான ஓர் ஆய்வு அதற்கு எடுத்துக்கொண்ட மாதிரியே 108 கியூபிட் கேட்டது. அவையும் பிழை திருத்தப்பட்ட கியூபிட்டுகளாக இருக்க வேண்டும். அத்தகைய கணினி இன்னும் உருவாகவில்லை. உருவாகி, நொதியின் இரகசியத்தைச் சொன்னாலும், அதைத் தொழிற்சாலையாக மாற்றுவது வேறொரு வேலை. ஆகவே உர விலையைப் பற்றிய பேச்சை நான் இப்போதைக்கு நம்பவில்லை.

கேள்வி: இத்தகைய மென்பொருளை இலவசமாகக் கொடுப்பதால் பெருநிறுவனங்களுக்கு என்ன இலாபம்?
– வாசகர், தெலுக் இந்தான்

பதில்: இயந்திரத்தைச் செய்கிறவருக்கு, அதை ஓட்டத் தெரிந்தவர்களும் வேண்டும். முதல் கேள்வி கேட்ட மாணவியைப் போன்றவர்கள் இன்று அதில் பழகினால், நாளை அதே நிறுவனத்தின் கணினியைத்தான் தேடுவார்கள்.